தீர்த்தம் பட்ட கார்

"தீர்த்தம் தெளிச்ச பிறகும் எங்கட கார் அசையேல்லையெண்டா, பிழை ஃபாதரிலயோ?"

மன்னாரிலிருந்து உயிலங்குளம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண் தன் கணவரிடம் கேட்டாள். இருவரும் கோயிலுக்கு உடுத்தியிருந்தார்கள். கணவரின் நகங்களுக்குள் மட்டும் கிரீஸ்.

"நடுக்கடலில படகு எஞ்சினைக் கழட்டிப் பூட்டுறவன் நான். கார் எனக்குப் பெரிய வேலையே?"

"அதுதானே! திரும்பேக்க டக்குடக்கெண்டு சத்தம் எண்டு, சில்லைச் சுத்த வைக்கிற பழைய ஆக்சிலைக் கழட்டினனீங்கள். புதுசைப் பூட்டின கையோட, புதுப் படகு இறக்கிற மாதிரி தீர்த்தம் தெளிக்க ஃபாதரைக் கூப்பிட்டனீங்கள். முதல்ல ஒருக்கா ஓட்டிப் பாத்திருக்கலாமே?"

"தீர்த்தம் படாமல் எப்பிடி ஓட்டுறது?"

"பட்டும் ஓடேல்லையே! எஞ்சின் கத்துது, சில்லு சுத்தேல்ல. பாவம் ஃபாதர், அங்கியோட பின்னால நிண்டு தள்ளினவர்."

"ஆக்சில் கியர்பொக்ஸுக்குள்ள முழுக்க இறங்கேல்ல. அவ்வளவுதான்."

"ஓம், அவ்வளவுதான். என்ர தங்கச்சியின்ர பிள்ளைக்கு இண்டைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் நீங்கள் பஸ்ஸில குலுங்கிக்கொண்டு போறீங்கள்."

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வளைவில் பஸ்ஸுக்கு அடியில் டக்டக் என்று கேட்டது. உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுக்கும் ஆக்சில் பழுதாப் போட்டுது."

அவள் எழுந்து, பஸ் முழுக்கக் கேட்கக் கொண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ட்ரைவரைக் கெதியா விடச் சொல்லுங்கோ. இவர் இறங்கிக் கை வைக்கமுதல் நாங்கள் போய்ச் சேரோணும்."