முதல் வரிசையில் மாறிய பெயர்

"பேரை மாத்தினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, டீச்சர்?" என்று இந்தப் புகாரை விசாரிக்கும் துணை ஆய்வாளர் நேற்று என்னிடம் கேட்டார். தெரியும் என்றேன். ஆனால் ஒரே வார்த்தையில் சொன்னால் தவறாகப் போய்விடும், வரிசையாகச் சொல்ல விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதன்படி இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன். என் பெயரும் விலாசமும் முகப்புத் தாளில் உள்ளன. வயது அறுபத்தேழு. கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மருத்துவ உபகரணங்களை இரவல் கொடுக்கும் நிலையத்தில் பதிவு வேலை பார்க்கிறேன்.

சக்கர நாற்காலி, வாக்கர், ஆக்ஸிஜன் மெஷின் போன்றவற்றை நோயாளிகளின் வீட்டுக்கு அனுப்பி, தேவை முடிந்ததும் திரும்ப வாங்கி வைப்பது எங்கள் நிலையம். அவற்றை வேனில் கொண்டுபோய் இறக்குபவர் எங்கள் டிரைவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர் என்பதால் அவரை எல்லோரும் 'பிரேக்' என்று கூப்பிடுவோம். அவர்மீதுதான் இந்தப் புகார்.

சில மாதங்களுக்கு முன் நிலையத்தின் கணினி பழுதாகிப் புதிய கணினி வந்தது. பழையதிலிருந்த ஃபைல்களை எல்லாம் அதற்கு மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் எங்கள் பழைய பதிவுப் புரோகிராம் அதில் திறக்கவே இல்லை. அதை எழுதிக் கொடுத்தவரையும் பிடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியதுதான் என்று செயலாளர் தலையில் கை வைத்துவிட்டார். அதன் பிறகு நான் வெளியூரில் இருக்கும் என் மருமகளுக்குப் போன் செய்தேன். அவள் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவள்.

"அத்தை, வாசக்கதவு திறக்கலேன்னா உள்ள இருக்கற சாமானெல்லாம் காணாமப் போச்சுன்னு அர்த்தமா? பதிவெல்லாம் இருக்கற உங்க டேட்டாபேஸ் ஃபைல் பத்திரமா இருக்கும். அதை நேரா திறக்கற சின்ன டூல் ஏதாவது தேடிப் பாருங்க. ஆனா கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்துடுங்க, சொல்லிட்டேன்" என்றாள்.

நகல் எடுத்து என் பென்டிரைவில் வைத்தேன். அதன் பிறகு தேட ஆரம்பித்தேன். முதலில் கிடைத்த கருவி எனக்குத் தெரியாத கட்டளைகளை எழுதச் சொன்னது. அடுத்தது திறந்ததும் விமானம் ஓட்டுகிறவருக்கு முன்னால் இருப்பதுபோல் எங்கு பார்த்தாலும் பொத்தான்கள். அதற்குப் பிறகு கிடைத்ததுதான் இப்போது நாங்கள் வைத்திருப்பது. இடப்பக்கம் அட்டவணைகளின் பெயர்கள். ஒன்றைத் தொட்டால் எல்லா வரிசைகளும் கட்டம் கட்டமாக முன்னால் வந்து நிற்கும். கட்டத்தில் தொட்டு, எழுதி, என்டரைத் தட்டினால் மாறிவிடும். பழுது பார்த்து வந்திருந்த ஒரு சக்கர நாற்காலிக்கு எதிரே இன்னும் 'பழுது' என்றிருந்ததை 'சரி' என்று மாற்றிப் பார்த்தேன். மாறியது. பக்கத்தில் யாரும் இல்லாததால் நானே கைதட்டிக்கொண்டேன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய புரோகிராமில் தேடும் பெட்டி திரையின் மேலேயே இருக்கும். பெயரை எழுதி என்டரைத் தட்டினால் போதும். எங்கள் எல்லோருடைய கையும் அதற்குப் பழகியிருந்தது. புதிய கருவியில் தேடுவதற்குப் புனல் போன்ற ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மேலே தெரிவது தேடும் பெட்டி அல்ல. முதல் ஆளின் வரிசை. அதில் எழுதினால் அந்த ஆளின் பெயர் போய்விடும். வகுப்பில் ஒரு பையன் வந்திருக்கிறானா என்று பார்க்கப் போய், முதல் பெஞ்சில் இருப்பவன் சட்டையில் அவன் பெயரைக் குத்திவிட்டு, வந்துவிட்டான் என்று நினைப்பது போன்றது அது. இதை அலுவலகத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக் காட்டினேன். பிரேக் அன்று வேனோடு வெளியே போயிருந்தார்.

அதன் பிறகு என் மருமகளின் பிரசவத்துக்காக நான் அவள் ஊருக்குப் போய்விட்டேன். அந்தச் சமயத்தில் பிரேக், தன் தங்கையின் கணவர் திருப்பிக் கொடுத்த வாக்கர் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கணினியில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் தெளிந்த பிறகு அவரே என்னிடம் சொன்னது:

"பேரை அடிச்சேன், மேலயே வந்துடுச்சு டீச்சர். பக்கத்துல பாத்தா ஆக்ஸிஜன் மெஷின்னு இருக்கு. மாப்பிள்ளைக்குக் கால்லதானே அடி, மூச்சுக்கு என்னான்னு யோசிச்சேன். சரி, புதுக் கம்ப்யூட்டர் உளறுதுன்னு மூடிட்டுப் போயிட்டேன்."

அதன் பிறகு செயலாளர் ஆக்ஸிஜன் மெஷின்களைச் சரிபார்த்தபோது, ஒன்று டிரைவரின் மாப்பிள்ளை பெயரில் இருந்தது. அவர் வீட்டில் மெஷின் இல்லை. பதிவிலிருந்த போன் வேலை செய்யவில்லை. விலாசத்தில் வீடு பூட்டியிருந்தது. டிரைவர் பொய்ப் பதிவு போட்டு மெஷினை விற்றுவிட்டார் என்று முடிவு செய்து வேன் சாவியை வாங்கிக்கொண்டு புகார் கொடுத்தார். அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

நான் திரும்பி வந்த அன்றே பிரேக்கின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். "அக்கா, தினமும் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்துட்டு வர்றாரு. வீட்டுல வாயே திறக்கறதில்ல. வாயை மூடுங்கன்னு எத்தனை வருஷம் திட்டியிருப்பேன், இப்ப பயமா இருக்குக்கா" என்றார்.

அதன் பிறகு பென்டிரைவிலிருந்த நகலைத் திறந்தேன். முதல் வரிசையில் ஒரு தையல்காரப் பெண்ணின் பெயர் இருந்தது. போன், விலாசம், மெஷின் எண் எல்லாம் இப்போதைய பதிவில் இருப்பவையேதான். பெயர் மட்டுமே வேறு. ஸ்டேஷனில் விஷயத்தைச் சொல்லி, அங்கிருந்த தலைமைக் காவலரை அழைத்துக்கொண்டு அந்த விலாசத்துக்குப் போனேன். பக்கத்து இஸ்திரிக் கடைக்காரர், அந்தப் பெண் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு மாறிவிட்டதாகச் சொன்னார். அங்கே கதவைத் தட்டும் முன்பே மெஷினின் இரைச்சல் கேட்டது. மூக்கில் குழாயோடு அவர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ டீச்சர், போலீஸையே கூட்டிட்டு வந்துட்டீங்களா! போன் தண்ணியில விழுந்துடுச்சு. வீடு மாறினதைச் சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். மெஷினை மட்டும் தூக்கிட்டுப் போயிடாதீங்க, இப்பத்தான் ஒரு சட்டையை மூச்சு வாங்காம முடிக்கறேன்" என்றார். தலைமைக் காவலர் மெஷின் எண்ணைச் சரிபார்த்தார். அதே எண். மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு இருவரும் நிலையத்துக்குத் திரும்பினோம்.

செயலாளர் நிம்மதியடைந்தார். ஆனாலும், "பேர் தானா மாறுமா டீச்சர்? வேணும்னே மாத்தாம எப்படி மாறும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நகலுக்கு ஒரு நகல் எடுத்து அந்தக் கருவியில் திறந்து வைத்து, "சார், உங்க அப்பாவுக்காக ஒரு தடவை சக்கர நாற்காலி எடுத்தீங்களே, உங்க பேரைத் தேடுங்க" என்றேன். நான் சொல்லிக் காட்டியபோது அவரும் இருந்தவர்தான். அவர் நேராக மேலே முதல் கட்டத்தைத் தொட்டு, தன் பெயரை எழுதி, என்டரைத் தட்டினார். தையல்காரப் பெண்ணின் பெயர் போய், ஆக்ஸிஜன் மெஷின் செயலாளர் பெயருக்கு வந்தது.

நான் வரச் சொல்லி வாசலில் வந்து நின்றிருந்த பிரேக் பார்த்துவிட்டு, "சார், மெஷினை எப்ப திருப்பித் தருவீங்க?" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. தலைமைக் காவலர் முதலில் சிரித்தார். செயலாளரும் திரையில் தன் பெயரைப் பார்த்துச் சிரித்தார். அதன் பிறகு இழுப்பறையிலிருந்து வேன் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்து, ஸ்டேஷனில் புகாரை முடித்ததும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதன் பிறகு பிரேக் என் பக்கத்தில் உட்கார்ந்து, உண்மையான அட்டவணையில் தையல்காரப் பெண்ணின் பெயரையும் புது விலாசத்தையும் தானே எழுதினார். புனல் பொத்தான் எங்கே என்று கேட்டு அழுத்தி, தேடி, மாப்பிள்ளையின் வாக்கர் திரும்பி வந்ததாகப் பதிவாகியிருப்பதையும் பார்த்துக்கொண்டார். சாவி இன்னும் மேஜைமேல் இருக்கிறது.

எனவே துணை ஆய்வாளரின் கேள்விக்கு என் பதில்: பெயரை மாற்றியது டிரைவரின் கை; அவர் மாற்ற நினைக்கவில்லை, தேடத்தான் நினைத்தார். இதில் உள்ளவை நான் கண்டதும், உரியவர்கள் என்னிடம் சொன்னதும் மட்டுமே. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருப்பதால் கையெழுத்திடுகிறேன்.

நகல் உள்ள பென்டிரைவை இத்துடன் கொடுத்திருக்கிறேன். இன்னும் சந்தேகம் இருந்தால், இந்த வாக்குமூலத்தைப் படிக்காத ஒருவரைக் கணினி முன் உட்கார வைத்து, அவர் பெயரைத் தேடச் சொல்லுங்கள்.