மங்கலாகத் தெரிய வேண்டிய பை

மும்பையில் ஆண்டாப் ஹில் போகும் பஸ்ஸில் என் பின் சீட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"விலை கூடுன போனுல மட்டும் படம் கொஞ்சம் மங்கலாத் தெரியணும்மா."

மெல்லத் திரும்பிப் பார்த்தேன். பேச்சை வைத்துப் பார்த்தால் அவர் தாராவியில் தோல் பை தைத்து விற்கிற பாய். பக்கத்தில் மடியில் லேப்டாப்புடன் இருந்தவள் அவர் கடைக்கு ஆப் செய்கிற பெண்.

"என்ன பாய் இது? ஒவ்வொரு பை படத்தையும் நாலு சைஸ்ல பண்ணி வச்சிருக்கேன். சாதா போனுக்குச் சின்னது, நல்ல ஸ்கிரீனுக்குப் பெருசு. எதுல பாத்தாலும் பளிச்சுன்னு இருக்கும்."

"அதாம்மா லஃப்டா, தொல்லையே அதான். எம் சாதா போனுல பை ஜோரா இருக்கு. மருமவன் போனுல பாத்தா தையல் கோணிக்கிட்டுப் போறது தெரியுது, பசை வழிஞ்சது தெரியுது."

"அப்ப தையலைச் சரி பண்ணுங்க."

"தச்சு முடிச்ச மாலு கோடவுன் நெறையக் கெடக்கு. எல்லாத்தையும் பிரிச்சுத் திரும்பத் தைக்க முடியுமா? நீ அந்தச் சின்னப் படத்தையே எல்லா போனுக்கும் போட்டுரு."

"பெரிய ஸ்கிரீன்ல அது இழுபட்டு மங்கிரும், பாய். ஆப் செஞ்சவளுக்கு வேலையே தெரியலன்னு ரிவ்யூல என்னைத்தான் திட்டுவாங்க."

பாய் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஒன்னையத்தானம்மா? பையை இல்லையே."