காற்றின் மேல் பழி போடாதீர்கள்

அவைக்குத் தலைமை தாங்கி, அடிக்கடி கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! மேடையை அழகு செய்யும் விழாக்குழுச் செயலாளர் அவர்களே! சுத்தியல் பிடித்துக் கை காய்த்துப்போன அண்ணன்மார்களே! பிள்ளையை இடுப்பிலும் பலகையைத் தோளிலும் சுமந்த தாய்மார்களே! பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தத் தையற்காரியின் வணக்கம்.

இந்தத் திறப்பு விழாவில் வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்துகிறேன். ஆனால் வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடு இனிக்க இனிக்கப் பேச எனக்கு வராது!

வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச் செல்ல ஒரு கூடம் கேட்டோம். கேட்டுக் கேட்டு ஓய்ந்தோம். சரி, நாமே கட்டுவோம் என்று நம் இரண்டு தெருவும் இறங்கியது. குழி தோண்டினோம், கம்பம் நட்டோம், உத்தரம் ஏற்றினோம். அடியில் ஊற்றிய கான்கிரீட் இறுகும்வரை ஆடாதிருக்க, மூலைவாக்கில் சாய்சட்டங்கள் அடித்தோம். கட்டமாக நிற்கும் மரங்கள் தள்ளினால் சாயும். குறுக்கே ஒரு சட்டம் அடித்தால் சாயாது. இதை அறியப் பட்டமா வேண்டும்? ஆடுகிற நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்தால் போதாதா?

என் தங்கை வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். விடுப்பெடுத்து வந்து ஏணியில் நின்றவர். கூரை ஏறுமுன்பே விழாக்குழுவுக்குப் படமெடுக்க ஆசை வந்தது!

“என்ன தம்பி, குறுக்கும் நெடுக்குமா கட்டை? படத்துல அசிங்கமா தெரியும். கழட்டிடுங்க.”

“ஐயா, இப்ப கழட்டினா மொத்தமும் ஆடும். போல்ட் போட்டு முடிச்சிடறோம்.”

“ஒரு மத்தியானத்துல என்னப்பா ஆகிடப்போகுது?”

யார் சொன்னது என்றா கேட்கிறீர்கள், அங்கே கடைசி வரிசையில்? பெயர் எதற்கு அண்ணா? அதான் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்க்கிறீர்களே!

என் தங்கை வீட்டுக்காரர் சாப்பிடப் போன நேரத்தில் ஆள்விட்டுக் கழற்றினார்கள். திரும்பி வந்தவர் பதறினார். ஒரு சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறினார். காற்று வந்தது. கீழே பெண்கள் பெருக்கிக்கொண்டிருந்தோம். உத்தரம் முனகியது. “வெளிய ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!” என்று கத்தினார். ஓடினோம். பிழைத்தோம். இறங்க அவருக்கு நேரம் இல்லை.

அந்த வலது கால் இனி பிரேக் மிதிக்காதாம்.

குழு கூடியது, கூடிக் கண்டுபிடித்தது என்ன? “திடீர்க் காற்றே காரணம்!” சட்டத்தைக் கழற்றியவர்கள் நமக்குச் சட்டம் பேசினார்கள்! ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தங்கை கேட்டாள்: “ஏன்க்கா, காத்தை எங்க போய்ப் புடிச்சிட்டு வந்து நிறுத்தறது?” அந்தக் கேள்வியை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். நீங்கள்தான் சொல்லுங்கள்!

காற்றா வந்து ஆணி பிடுங்கியது? காற்றா படத்துக்கு நின்று பல்லைக் காட்டியது?

விழுந்ததை மீண்டும் எழுப்பினோம். இதோ பாருங்கள், மூலைக்கு மூலை சாய்சட்டம்! முறுக்கிய போல்ட்! முழுதாய் இறுகிய அடித்தளம்! இன்று காலை ஒருவர் ஜரிகைத் துணியோடு வருகிறார். சட்டங்களை மூடவேண்டுமாம், மேலிடத்து உத்தரவாம்! ஊன்றுகோலோடு வந்து நின்றார் என் தங்கை வீட்டுக்காரர். கோபப்படவில்லை. “துணிய எடுத்துட்டுப் போங்க. இது தெரியணும்” என்றார். துணி போயிற்று. இன்னும் அந்தத் தூணருகில்தான் உட்கார்ந்திருக்கிறார். கைதட்டாதீர்கள், கைதட்டல் அவருக்குக் கால் ஆகாது.

சீட்டு வருகிறது, நேரம் முடிந்ததாம். முடிக்கிறேன் தலைவரே!

பதவி விலகச் சொல்லவில்லை. காலில் விழச் சொல்லவில்லை. ‘காற்று அல்ல, நான்’ என்ற ஒரே ஒரு வாக்கியம், இந்த ஊர் கேட்க, அந்த மனிதர் கேட்க!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. தோள் கொடுத்த தாய்மார்களுக்கு என் வணக்கம். ஒலிபெருக்கிக்காரத் தம்பி, மைக்கை அணைக்காதே. செயலாளர் அவர்களே, வாருங்கள்.