கேட்டைத் திறக்காத தீபாவளி

கொதித்து ஆறிய தண்ணீருக்கு ருசி கிடையாது, ஐயா. ஆனால் குடித்துப் பழகிவிட்டால் வேறு தண்ணீர் இறங்காது. எங்கள் முதியோர் விடுதியில் எல்லாரும் பழகிவிட்டார்கள். பழக்கினவள் நான்.

சின்ன காஞ்சிபுரத்து விடுதிக்கு நான்தான் மேட்ரன். பெயர் கமலவேணி. கருடசேவை முடிந்த கையோடு ஊரில் காலரா பரவியது உங்களுக்கும் தெரிந்திருக்கும். சுகாதார அலுவலகத்திலிருந்து ஆள் வந்து விதிகளைச் சொன்னார். பண்டிகையானாலும் சரி, நாள் கிழமையானாலும் சரி, பார்க்க யாரும் உள்ளே வரக்கூடாது. வெளிப் பண்டம் ஒரு விள்ளல்கூடக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் யாராவது வெளியாளைத் தொட்டுவிட்டால் தனி அறையில் வைக்க வேண்டும். நல்ல விதிகள். அன்று சாயங்காலமே கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். சுற்றுவட்டாரத்தில் சாவு விழாத தெருவே இல்லை. எங்களிடம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அதில் பெருமைதான், மறைக்கவில்லை.

அதற்கு முன்னெல்லாம் அமாவாசை என்றாலே எனக்கு ஆகாது. அன்றைக்குத் தறி ஓட்டமாட்டார்கள் அல்லவா, நெசவுக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரும் பெற்றவர்களைப் பார்க்க அன்றைக்குத்தான் வருவார்கள். கோயில் இட்லியும் பூவுமாக வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கப்புறம் இவர்கள் சோற்றைத் தொடமாட்டார்கள். ஒருவரோடு ஒருவர் சண்டை வேறு. எல்லாவற்றையும் தாங்குவது நான். மற்ற நாளெல்லாம் பீ மூத்திரம் அள்ளியதும் நான். இவர்கள் முகம் மலர்வதோ எப்போதாவது வந்துபோகிறவர்களைப் பார்த்து. எனக்கு எரிச்சலாக இருந்தது. கேட்டைப் பூட்டிய பிறகு அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

ஆடிக் கடைசியில் அதே சுகாதார அலுவலக ஆள் வந்தார். நோய் அடங்கிவிட்டது, திறந்துவிடலாம் என்றார். சரி என்றேன். திறக்கவில்லை. உள்ளே இருப்பவர்களிடம் ஊரில் இன்னும் நோய் இருக்கிறது என்றேன். வெளியே வந்து நின்றவர்களிடம் உள்ளே நோய் வந்திருக்கிறது என்றேன். இரண்டு பக்கமும் நம்பினார்கள். நீங்கள் இதை ஏமாற்று என்பீர்கள். நான் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

வடிவாம்பாள் பிள்ளையார்பாளையத்து நெசவாளி பஞ்சாட்சரத்தின் தாய். அவர்கள் வீட்டில் தறி போக மிச்சம், கால் நீட்டப் போதுமான இடம்தான். கண் மங்கிய அந்த அம்மாள் தறிக்குழியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மகன் அழுதுகொண்டேதான் இங்கே கொண்டுவந்து விட்டார். அமாவாசை தவறாமல் வந்துகொண்டிருந்தார்.

புரட்டாசி அமாவாசையன்று காலையில் வந்தவரை வழக்கம்போலத் திருப்பி அனுப்பியிருந்தேன். அது அந்த அம்மாளுக்குத் தெரியாது. அன்று அமாவாசை என்பதை மட்டும் சரியாக நினைவு வைத்திருந்தார். மத்தியானம் முற்றத்தில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கேட்டை நோக்கிப் போனார். பாதி வழியில் பிடித்துவிட்டேன். யாரையும் தொடவில்லைதான். தொடத்தான் போனார். தனி அறையில் விட்டுப் பூட்டினேன்.

தினமும் கஞ்சி கொண்டுபோகும்போது மகன் வந்தானா என்று கேட்பார். இல்லை என்பேன். ஒரு நாள் கஞ்சியை வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையச் சொல்லிடும்மா. எம்புள்ள உசுரோட இருக்கிறானா, பேதியில பூட்டானா?"

முந்தின நாள்தான் பஞ்சாட்சரம் கேட்டருகே நின்று தாயைப் பற்றி விசாரித்துவிட்டுப் போயிருந்தார். நான் பதில் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். கஞ்சியைத் தரையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அதற்கப்புறம் அந்த அம்மாள் எதுவும் கேட்கவில்லை. சாப்பிடவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சமையல் செய்யும் செல்லியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "புள்ள நல்லாக்கிறான்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, எழுந்து உக்காந்துக்குவாங்க" என்றாள். சொன்னால் பார்க்க வேண்டும் என்பார். ஒருவருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு அடுப்பைப் பார் என்றேன். தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் அந்த அம்மாளின் உயிர் போய்விட்டது.

தீபாவளியன்று விடிந்தும் விடியாமலும் பஞ்சாட்சரம் வந்துவிட்டார். கையில் நல்லெண்ணெய்க் கிண்ணம். வருஷா வருஷம் தாய் தலையில் எண்ணெய் வைத்த பிறகுதான் குளிப்பாராம்.

"உள்ள வரல மேட்ரம்மா. வெளியவே நின்னுக்கினு குனியறேன். அம்மா கையால ஒரு சொட்டு வச்சாப் போதும்."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அம்மாவுக்கு அசதி, எழுந்து வர முடியவில்லை, எண்ணெயைத் தொட்டுக் கொடுத்தார் என்றேன். அவர் தலையைத் தாழ்த்தினார். கம்பி வழியாகக் கையை நீட்டி உச்சியில் எண்ணெய் வைத்தேன். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டார். நல்லா இரு என்று சொன்னதாகச் சொன்னேன். அவர் கண் கலங்கிப் போனார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கைப் பிசுக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

அவர் தலை மறைந்ததும் முனிசிபாலிட்டி வண்டிக்குச் சொல்லி அனுப்பினேன். காலரா என்றால் முகத்தைத் திறந்து பார்க்கமாட்டார்கள், உறவுக்காரர்கள் வரட்டும் என்று காத்திருக்கவும் மாட்டார்கள். அதனால் காலரா என்றே சொன்னேன். பிளீச்சிங் பவுடரைத் தூவி, பாயில் சுற்றிக் கொண்டுபோனார்கள். கொள்ளி வைக்க வேண்டியவர் அந்நேரம் குளித்துப் புதுத்துணி உடுத்தியிருப்பார்.

அந்த அம்மாளைக் கொன்றது நான்தான், ஐயா. மகன் இருக்கிறான் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமலே கொன்றேன். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் நானாக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காக இல்லை. எங்கள் விடுதியின் பேரில் ஒரு காலராச் சாவு ஏறியிருக்கிறது. அது தப்பு. என் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூடக் காலரா வரவில்லை. அதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள்.