குப்பத்துப் பானையில் ஜெபராஜ் சார் பெயர்

கழிமுகம் காத்த கண்ணியமே! கோப்புக் குவியலிலும் குலையாத குணமே! இறால் குஞ்சுக்கு இரங்கிய இமயமே! (இமயம் மோனைக்காக வந்தது, சாரின் உயரம் அவைக்குத் தெரியும்.) முப்பது ஆண்டுகள் பையும் குடையுமாகத் தாம்பரத்து மாடிப்படி ஏறி, இன்று மாலை பணி நிறைவு பெறும் மீன்வள ஆய்வாளர் ஜெபராஜ் அவர்களே! நேருக்கு நேர் புகழ்ந்தால் தாங்கள் எழுந்து வெளியே போய்விடுவீர்கள். ஆகவே அவைக்குச் சொல்வதுபோல் சொல்கிறோம். தாங்கள் வடையைச் சாப்பிட்டபடி கேட்டருள்க!

நான்கு ஆண்டுகளுக்கு முன் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: சிறு மீனவர்களைச் சேர்த்துக்கொண்டு மீன்வளத்தை நிர்வகித்துக் காக்க வேண்டும். யார் யாரைச் சேர்ப்பது, யார் யாரை நிர்வகிப்பது என்று ஆபீசில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காத வேலையெல்லாம் ஜெபராஜ் சாருக்கு என்பது எங்கள் மரபு. அவர் பஸ் பிடித்துக் கேளம்பாக்கம் போய், உப்பங்கழி ஓரத்துக் குப்பமொன்றில் ஒரு மணி நேரம் பேசினார். பேச்சின் வேகத்தில், "கமிட்டியில நானும் உங்கள்ல ஒருத்தன்" என்று முடித்தார்.

"மெய்யாவா சார்?" என்றார் கங்கம்மா. தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு அவர்தான் தலைவி.

"மெய்யாத்தாம்மா."

உடனே சாரின் பெயரைச் சீட்டில் எழுதிப் பானையில் போட்டார்கள். எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை வீசுவது என்பது அந்தக் குப்பத்தில் பானையைக் குலுக்கித்தான் முடிவாகும். பானையில் பெயர் உள்ளவருக்குத்தான் கூட்டத்தில் பேசவும் கை தூக்கவும் உரிமை. முறைக்கு வராவிட்டால் அதுவும் போச்சு. இது தெரியாத சார், வரவேற்புச் சடங்கு என்று நினைத்துப் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடமும் மகிழ்ந்தது.

மறுவாரம் குப்பத்திலிருந்து போன் வந்தது. "சார், உன் மொறை வந்துக்கீது. வலை எடுத்துகினு வா."

அரசு ஊழியர் வலை வீசலாமா? சார் எங்களைக் கேட்டார். நாங்கள் மேலிடத்தைக் கேட்டோம். மேலிடம் விளக்கம் கேட்டது. எதை விளக்குவது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் குப்பத்து வழக்கோ காத்திருக்கவில்லை. இறால் குஞ்சு கழிக்குள் ஏறும் மாதங்களில் முகத்துவாரத்தில் வலையே கூடாது என்றார் கங்கம்மா. குஞ்சையும் சேர்த்து அள்ளும் பொடிக்கண் வலைக்காரர்களின் தலைவர் பொன்னுரங்கம் முடியாது என்றார். கை தூக்கச் சொல்லி எண்ணினால் இரு பக்கமும் சரிபாதி. ஒரே ஒரு கை குறைந்தது.

சார் போனார். வீசினார். வலை அவர் மேலேயே விழுந்தது.

"இன்னா சார், உன்னியே புடிச்சிக்கினியா!" என்று சிரித்தார் பொன்னுரங்கம். "சின்ன சைசு. தண்ணில வுட்டுடு."

சின்னதை விட்டுவிட வேண்டும் என்று எதிர்த்தரப்பே சொன்னதை, ஈரம் சொட்டச் சொட்டக் கூட்டத்தில் எடுத்துரைத்துக் கையைத் தூக்கினார் சார். அன்று வலைக்கு மூடிய முகத்துவாரம், ஆண்டுதோறும் அதே ஒரு கையால்தான் மூடுகிறது.

போன வாரம் பொன்னுரங்கம் பானையோடு ஆபீசுக்கே வந்தார். "ஆபீஸரா வந்தாரு, ஆபீஸராவே போவட்டும். சீட்டை எடுத்துடலாம்."

பின்னாலேயே வந்த கங்கம்மா விடவில்லை. "சீட்டு நாற்காலிக்கா எழுதுனோம்? ஆளுக்குத்தானேப்பா!"

அடுத்த மாதம் மறுபடி கை தூக்க வேண்டும். சாருக்கோ, கோயம்புத்தூருக்கு வந்துவிடச் சொல்லி மகள் கெசியாவின் கட்டளை. மாடம்பாக்கம் வீட்டுக்கு வாடகைக்கு ஆளும் பார்த்தாகிவிட்டது. போனால் முகத்துவாரம் திறந்துவிடும். இருந்தால் எந்த உரிமையில் இருப்பது? தான் அங்கே ஆபீசரா, மீனவரா, வலையில் சிக்கிய விருந்தாளியா என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். ஒரு மணி நேரம் பேசக்கூடியவர், அன்று ஒன்றே ஒன்று கேட்டார்:

"என் மொறை எப்ப?"

பொன்னுரங்கம் பானையைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். முறை கேட்டு வருகிறவரை இல்லை என்று அனுப்பிக் குப்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை.

"அடுத்த வாரம் வெள்ளிக்கெழம காலைல. லேட்டா வந்தே, எடம் எனக்கு."

தன்னைத் தோற்கடிக்கும் கையைத் தானே ஏன் சேர்த்துக்கொண்டோம் என்று புரியாமல், தலையைச் சொறிந்தபடியே அவர் படியிறங்கினார்.

ஆகவே, ஐயா! தங்களுக்கு விடை கொடுக்கிறோமா, வேலைக்கு அனுப்புகிறோமா என்று விளங்காமலே இந்தப் பொன்னாடையைப் போர்த்துகிறோம். கெசியா எங்களை மன்னிக்கட்டும். முழங்கால் வலியின்றி, சளித்தொல்லையின்றி, நெடுங்காலம் வாழ்க! வலை வட்டமாய் விரிய, தாங்கள் அதற்கு வெளியே நின்று வாழ்க!

அன்பும் குழப்பமும் குறையாத,
தாம்பரம் அலுவலக ஊழியர்கள்