“நகருங்க” என்று சொல்லாத நாவுக்கு

அம்மன் சன்னிதி வரிசையை முப்பத்தோராண்டு நடத்தி இன்று பணி நிறைவு பெறும் வரிசையம்மா அவர்களுக்கு, ஆலயப் பணியாளர்கள் வாசித்தளிக்கும் மடல்

அலையெனப் பெருகும் அடியாரை அதட்டாமல் அணைகட்டிய அன்னையே! கயிறும் கம்பும் கைக்கொள்ளாமல் கனிவு ஒன்றாலேயே கூட்டத்தைக் கட்டிக்காத்த கண்ணியமே! பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் ஓய்வெடுக்க, எல்லார் வாயிலும் “வரிசையம்மா” ஆனவரே! வணக்கம்.

சன்னிதி வாசலில் நிற்பவருக்கு “நகருங்க, நகருங்க” என்பதே வேலை என்று முதல் நாளே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்களோ கைகூப்பி நிற்பவர் பக்கம் குனிந்து, “பார்த்தாச்சாங்கம்மா?” என்றீர்கள். அம்மனைப் பார்க்க மணிக்கணக்கில் காத்திருந்துவிட்டு, எதிரே வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வது நம் மக்களின் வழக்கமாயிற்றே! உங்கள் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் பலர் கண் திறந்தார்கள், பார்த்தார்கள், தாமே நகர்ந்தார்கள்.

கூட்டம் கோபுர வாசலைத் தாண்டி நின்ற ஒரு காலைப்பொழுதை நாங்கள் மறக்கவில்லை. அன்றைய நிர்வாக அதிகாரி, ஆளுக்கு மூன்று விநாடி என்று கடிகாரமும் கையுமாகத் தூணோரம் நின்றார். அப்போது வந்தார், நாற்காலி பின்னும் பார்வையற்ற பெரியவர்.

“கண்ணு தெரியாதவருக்கு எதுக்குங்க இவ்வளவு நேரம்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நீங்கள் அந்தக் குரலைப் பொருட்படுத்தவே இல்லை. “பார்த்தாச்சாங்கய்யா?”

“இன்னும் இல்லம்மா. இன்னைக்கு என்ன அலங்காரம்?”

“பச்சைப் பட்டுங்கய்யா. முகத்துக்கு மட்டும் சந்தனக்காப்பு. ரோஜா மாலை, முழங்கால் வரைக்கும் தொங்குது. மூக்குத்தி மின்னுது.”

“எந்தப் பக்கம் மூக்குத்தி?”

“இடது பக்கம்.”

“இப்ப பார்த்துட்டேன் தாயி.” அவர் நகர்ந்தார். குரல் கொடுத்தவர் தம் முறை வந்தபோது தலை நிமிரவில்லை. அவரிடமும் அதே கனிவோடு கேட்டீர்கள்.

அதிகாரியின் கடிகாரமோ இளகவில்லை. “நாளையிலேர்ந்து நகருங்கன்னு சொல்லணும். முடியாதுன்னா செருப்பு வைக்கிற இடத்துக்குப் போங்க.”

“செருப்பு காக்க எனக்கு வெட்கம் இல்லீங்க சார். அம்மன் முன்னால நிக்கிற ஒருத்தரை நகருன்னு சொல்ல நாக்கு வரல.”

போனீர்கள். நாற்பது நாள்! அங்கே செருப்புகளும் ஒழுங்காக வரிசையில் நின்றன. இங்கே மனிதர்கள் முட்டிக்கொண்டார்கள். இறுதியில் குருக்களே அலுவலகப் படியேறி, “இப்ப வாசல்ல நிக்கிறவங்க நகருங்க நகருங்கன்னு கத்துறதுல, அர்ச்சனை நடுவுல நானும் ‘நகருங்க நமஹ’ன்னு சொல்லிட்டேன் சார். அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்க” என்றாரே, அதன் பின்னரே நீங்கள் மீண்டீர்கள். மன்னிப்புக் கேட்கவுமில்லை, மாற்றிக்கொள்ளவுமில்லை!

அம்மா! உங்கள் இடத்துக்கு இனி ஆள் இல்லை, ஒலிபெருக்கி வருகிறது. நிமிடத்துக்கு இருபது முறை “நகரவும்” என்று அது தானே சொல்லுமாம். நேற்றே தூணில் பொருத்திவிட்டார்கள். நாளைக் காலை நடை திறந்ததும் பேசத் தொடங்கும் என்று அறிவிப்பும் ஒட்டியாயிற்று.

மேடையில் வீற்றிருக்கும் அறங்காவலர் பெருமக்கள் செவிகொள்ளவே இதை இங்கு வாசிக்கிறோம். கருவி வேண்டாம் என்று நாங்கள் பதினேழு பேரும் கையெழுத்திட்ட விண்ணப்பம் இன்று மதியம் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டது. அவரவர் பணி முடிந்த நேரத்தில் முறைவைத்து அந்த வாசலில் நாங்களே நிற்போம். காலையில் ஓதுவார், உச்சிவேளையில் மடைப்பள்ளிக்காரர், மாலையில் காவலர். காவலரின் குரல் இடிக்குரல் என்பது உண்மையே, மூன்று நாளாக மனைவியிடம் மெதுவாகப் பேசிப் பழகுகிறார், அந்த அம்மாள் பயந்துபோய், “உடம்புக்கு என்னங்க பண்ணுது?” என்றாராம்! அனுமதி வந்தாலும் நிற்போம்; வரத் தாமதமானாலும் நிற்போம். செருப்பு வைக்கும் இடத்துக்கு அனுப்பினால், பதினேழு பேருக்கும் அங்கே இடம் போதாது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

வரும் முகங்களையே பார்த்து நின்றதால், அலங்காரம் சொல்லத் திரும்பிய நொடிகள் போக, முப்பத்தோராண்டும் அம்மனுக்கு முதுகு காட்டியே கழித்தவர் நீங்கள். முழங்கால் வலி தீர்ந்து, மூச்சு சீராகி, பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் மடியில் கொஞ்சி, நூறாண்டு நிறைவாக வாழ்க! நாளைக் காலை வரிசையில் முதல் ஆளாக வாருங்கள். அம்மனுக்கு நேர் எதிரே நில்லுங்கள். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சரி, எவ்வளவு நேரமானாலும் சரி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

என்றும் உங்கள் அன்பில்,
ஆலயப் பணியாளர்கள் பதினேழு பேர்
(எல்லார் சொல்லையும் கேட்டு எழுதியவர்: பூக்கட்டும் அம்மாள்)