தேதி சொல்லாமல் வாருங்கள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தையல் தொழிலாளர் சங்கத் தலைவி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மூத்தோரே, மெஷினை நிறுத்திவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே, தேர்தலைப் பார்வையிடக் கடல் தாண்டி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வெளிநாட்டு அம்மா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் ஒரு வெள்ளையடிக்கிறவனின் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்ல. இந்தத் தாளை நானே எழுதினேன். நான்கு நாள் ஆயிற்று. போன வருடம் வரை நான் கைநாட்டு. சங்கத்தின் மாலை வகுப்பில் சேர்ந்து, அறுபத்தெட்டாம் வயதில் எழுத்துக் கூட்டினேன். பஸ் பலகையைப் படித்த சந்தோஷத்தில் பஸ்ஸில் ஏற மறந்து நின்றிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தைப் பேசத்தான் எனக்கு ஆசை. பேசவிட்டார்களா?

என் மகள் உங்களோடு தைத்தவள். காலர் பிரிவு. எங்கள் தெருவில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லையே, ஏன் என்று கேட்டாள். கேட்டது ஒரு கேள்வி. வந்தது ஒரு வேன். இன்றோடு இருபத்தாறு நாள்.

நான்கு முறை காவல் நிலையத்துக்குப் போனேன். வாசல் மேசையில் இருந்தவர் எழுதிக்கொண்டே சொன்னார்: “அப்படி யாரும் இங்க இல்ல பெரியவரே. எங்கயாவது ஓடிப் போயிருக்கும். போய்த் தேடுங்க.” நான்கு முறையும் இதே பதில். நான்கு முறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு செய்தி வந்தது. எட்டு நாடுகளின் குழு, எட்டு நாள் கழித்து, அந்த நிலையத்தைப் பார்வையிட வருகிறது. அன்றைக்கே என் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். “பெரியவரே, ஸ்டேஷன்ல ரெண்டு நாள் வேலை. படிக்கத் தெரியாத ஆளா அனுப்புன்னாங்க. உடனே உங்க ஞாபகம்தான் வந்துச்சு.”

நான் மறுக்கவில்லை. என்மேல் அவர் வைத்திருந்த மதிப்பை நான் ஏன் கெடுக்க வேண்டும்? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் அன்று சிரிப்பு வந்தது. வாசல் மேசையில் அதே ஆள். கைநாட்டு வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். முகத்தையே பார்க்காதவருக்கு என் முகம் எப்படித் தெரியும்?

பின்கட்டில் மூன்றாவது அறை. ஆள் இல்லை. ஆனால் சுவர் முழுக்க எழுத்து. நகத்தால் கீறியது, பொத்தானால் கீறியது. ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். ஜன்னல் பக்கச் சுவரில் ஒரு வரி. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். என் பெயிண்ட் டப்பாக்களில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுகிற கை அது.

“நான் இங்கேதான் இருக்கிறேன்.”

கீழே தேதி. தாய்மார்களே, நான் மூன்றாம் முறை வாசலில் நின்ற அதே நாள்.

கதவருகே நின்ற காவலர் கேட்டார்: “என்ன தாத்தா, செவுத்தையே பாத்துக்கிட்டு நிக்கிற?”

“ஈரம் இருக்கான்னு பாக்கறேன் சார்.”

மற்ற மூன்று சுவருக்கும் கீறலை அடைக்கிற பட்டி வைத்துத் தேய்த்து இரண்டு பூச்சு அடித்தேன். அந்தச் சுவருக்கு மட்டும் பட்டி வைக்கவில்லை. தண்ணீராகக் கரைத்து ஒரே பூச்சு. நாற்பத்தைந்து வருடத் தொழிலில் நான் தெரிந்தே செய்த மோசமான வேலை அது ஒன்றுதான்.

அம்மா, நீங்கள் வந்த அன்று, மிச்சமிருந்த அந்த அறைக் கதவுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த கிழவன் நான்தான். “இந்தச் செவுத்துல கைய வெச்சுப் பாருங்கம்மா” என்றேன். வைத்தீர்கள். என் மகளின் எழுத்தின் மேல் உங்கள் விரல் ஊர்ந்ததை நான் பார்த்தேன். அன்று உங்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர் அரசாங்கம் கொடுத்த ஆள். அவர் ஏதோ சொன்னார், நீங்கள் தலையாட்டினீர்கள். “என்ன சார் சொன்னீங்க?” என்று அவரைக் கேட்டேன். “பூச்சு சரியா வரலைன்னு பெரியவர் வருத்தப்படுறார்னு சொன்னேன்” என்றார்.

இன்று உங்கள் பக்கத்தில் இருப்பவர் எங்கள் ஆள். நான் சொல்வது சொன்னபடியே உங்கள் காதில் விழும்.

உங்கள் அறிக்கை பத்திரிகையில் வந்தது. ஒரு காலைப்பொழுது முழுக்கப் படித்தேன். “காவல் நிலையம் தூய்மையாகப் பராமரிக்கப்படுகிறது.” அம்மா, அது என் வேலை. அடுத்த வரி: “தேர்தலுக்கு முந்தைய கைதுகள் ஆழ்ந்த கவலையளிக்கின்றன.” அதற்கும் கீழே, வாக்குப்பெட்டி வாங்குவதற்கான உதவி தொடரும் என்று எட்டு நாட்டுக் கையெழுத்து.

கவலைப்பட எங்கள் வீட்டில் ஆள் இல்லையா? அவளைப் பெற்றவள் இருக்கிறாள், கட்டியவன் இருக்கிறான், நான் இருக்கிறேன். உண்ணாமல் கவலைப்படுகிறோம், உறங்காமல் கவலைப்படுகிறோம். அதற்கு எட்டு நாடு எதற்கு? கவலை கேட்டா உங்களை அழைத்தோம்? கண்ணைக் கேட்டோம். கதவைத் தட்டும் கையைக் கேட்டோம்.

எட்டு நாள் முன்னால் சொல்லிவிட்டு வருகிறவர் விருந்தாளி. சாட்சி அப்படி வருவதில்லை. நீங்கள் கொடுத்த எட்டு நாளில் அவர்கள் செய்தது என்ன? உள்ளே இருந்தவர்களை வேனில் அள்ளிக்கொண்டு போனார்கள். அறையைக் கழுவினார்கள். சுவரை மூட, அப்பன் கையிலேயே வெள்ளையடிக்கும் மட்டையைக் கொடுத்தார்கள்.

நீங்கள் போன மறுநாளே வேன் திரும்பி வந்தது. பெண்கள் ஐந்து பேர். ஒருத்தியின் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. கண்ணால் கண்டவர் இருக்கிறார். யார் என்று நான் சொல்லமாட்டேன். பின்னால் நின்று குறிப்பெடுக்கும் தம்பி, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

வாக்களிப்புக்கு இன்னும் ஒன்பது நாள். நிலையம் இந்தத் தெருமுனையில். ஆறு நிமிட நடை. அம்மா, இப்போது வாருங்கள். தேதி சொல்லாமல் வாருங்கள்.

என்ன சொல்கிறார்கள், மொழிபெயர்ப்பாளரே? “அனுமதி வாங்கணுமாம் பெரியவரே.” யாரிடம் அம்மா? பூட்டியவரிடமா?

காலர் பிரிவுப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். தலைவி எழுந்துவிட்டார். பேசப் பேச அங்கே தகவல் போய்க்கொண்டிருக்கும், வேனுக்கு டிரைவர் வந்துகொண்டிருப்பார். அம்மா, வருவதானால் எனக்கு முன்னால் நடங்கள். வராவிட்டால் கொஞ்சம் நகர்ந்து வழி விடுங்கள்.

தாளில் இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. மடித்து வைத்துக்கொள்கிறேன். இவ்வளவு நேரம் காதுகொடுத்த உங்களுக்கு என் நன்றி. வணக்கத்தை, என் மகளை அழைத்துக்கொண்டு, நிலைய வாசலில் நின்று சொல்கிறேன்.